எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார் சித்தப்பா... டயரின் உள்பக்கம் கம்பி தெரிந்தது!

காலை ஐந்தரை மணி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா வீட்டு வாசலில், கழுவிப் பொட்டு வைத்த கார் தயாராக நின்றது. சென்னையில் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. விழா முடிந்ததும் அதே காரில் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர ஏற்பாடு. வளையல் பெட்டி, சீர்வரிசைத் தட்டுகள், ஐந்து வகை சாதத்துக்கான தூக்குகள் எல்லாம் டிக்கியில் ஏறியாயிற்று.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க சித்தப்பா குனிந்தார். முன் இடது சக்கரம் ஒடித்த நிலையில் நின்றதால், டயரின் உள்ஓரம் கைக்கு எட்டியது. பழத்தைத் தள்ளிவிட்டு எழும்போது பிடிமானத்துக்காக அங்கே கை வைத்தவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம்.

"டேய், இங்க வா. இது என்னடா கம்பி?"

காரின் சொந்தக்காரனான தம்பி ஓடி வந்தான். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். வெளியிலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் பட்டன் இருக்கிற நல்ல டயர். உள்ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. மொழுமொழுவென்று தேய்ந்து, அடியில் இருக்கும் எஃகுக் கம்பி நூல் பிரிந்த ஜரிகை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"அலைன்மென்ட் எல்லாம் பாத்துட்டேன்பா" என்று டேஷ்போர்டிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான் தம்பி. உண்மைதான். கம்ப்யூட்டர் அச்சடித்த தாளில் எல்லா எண்ணும் பச்சையில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். "ஸ்பிரிங்கை எப்ப வெட்டின?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுக்கு அப்புறம் ஒரு பத்து நாள் இருக்கும்கா" என்றான்.

கோளாறு அந்தப் பத்து நாளில்தான் இருந்தது. அன்று வாடகை வேன் பிடித்து வளைகாப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் ஒரே நினைப்பு: பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலை ஏறி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த டயர் வெடித்திருந்தால்? அதைவிட, திரும்பி வரும்போது வெடித்திருந்தால்?

இந்த வாரம் அந்த டயரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். காரைத் தாழ்த்திய தம்பிகளுக்கும், தாழ்த்த ஆசைப்படும் தம்பிகளுக்கும், 'அவன் காருக்கு என்ன பண்ணான்னே தெரியலை' என்று புலம்பும் அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்து.

தாழ்த்துவது என்றால் என்ன?

காரின் உடம்பு சக்கரத்தின் மேல் நேரடியாக உட்காரவில்லை. நடுவில் காயில் ஸ்பிரிங்கும், ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் திரும்பத் திரும்பக் குதிக்காமல் அடக்கும். ஸ்பிரிங்கின் உயரத்தைக் குறைத்தால் கார் தரையை நெருங்கும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளி குறையும். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். ஆசைக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பார்வைதான்.

தாழ்த்த மூன்று வழிகள் உண்டு. அந்தக் காருக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் போடுவது ஒன்று. உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் வசதியுள்ள 'காயில் ஓவர்' செட் போடுவது இரண்டு. இருக்கிற ஸ்பிரிங்கையே கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டுவது மூன்றாவது. முதல் இரண்டும் செலவு. மூன்றாவது கிட்டத்தட்ட இனாம். தம்பி எதைச் செய்தான் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று கோணங்கள்

வீல் அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பார்த்துச் சரிசெய்வது. முக்கியமாக மூன்று கோணங்கள்.

கேம்பர்: காருக்கு முன்னால் நின்று பாருங்கள். சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா? மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ்.

டோ: காரை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் சக்கரங்களும் இணையாக நேரே பார்க்கின்றனவா? இரண்டு கால் கட்டை விரல்களும் ஒன்றையொன்று பார்ப்பது போல உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன். வாத்து நடப்பது போல வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட்.

காஸ்டர்: சைக்கிளின் முன் ஃபோர்க் லேசாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் அல்லவா? அந்தச் சாய்வுதான். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப உதவுவது இதுதான்.

நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் 'ஸ்ட்ரட்' வகை சஸ்பென்ஷன். கீழே லோயர் ஆர்ம் என்று ஒரு கை, பக்கத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டை ராட் என்று இன்னொரு கை. சக்கரம் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் இந்த இரண்டு கைகளின் முனைகளும் வட்டத்தின் ஒரு பகுதி போல வளைந்து நகரும். கார் தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட உயரத்தை மனதில் வைத்துத்தான் இந்தக் கைகளின் நீளத்தையும் சாய்வையும் தீர்மானித்திருப்பார். அந்த உயரத்தில் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும்.

காரை 50 மில்லிமீட்டர் இறக்கினால், எப்போதாவது பள்ளத்தில் விழும்போது வர வேண்டிய நிலை, இருபத்து நான்கு மணி நேரமும் நிரந்தரமாகிவிடுகிறது. சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. டை ராடும் லோயர் ஆர்மும் வேறு வேறு வட்டத்தில் நகர்வதால் டோ மாறுகிறது. உள்ளே மாறுமா வெளியே மாறுமா என்பது காருக்குக் கார் வேறுபடும். மாறாமல் இருப்பது அபூர்வம்.

அதனால்தான் தம்பியின் பச்சைத் தாள் செல்லாத நோட்டாகிவிட்டது. அது பழைய உயரத்துக்குப் பார்த்த அலைன்மென்ட். உயரம் மாறிய நிமிடமே அந்த எண்களுக்கு அர்த்தம் போய்விட்டது.

ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர்

'சக்கரம் லேசா சாஞ்சா என்னக்கா ஆகப்போகுது?' என்று அவன் கேட்டான். டயரைக் கெடுப்பதில் கேம்பரை விட மோசமான ஆள் டோ.

ஒரு சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து அரை டிகிரி மட்டும் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 அங்குல ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளந்தால் வித்தியாசம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் கார் நேரே போகிறது, சக்கரம் அரை டிகிரி தள்ளிப் பார்க்கிறது. ஆகவே டயர் உருளும்போதே பக்கவாட்டிலும் இழுபடுகிறது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு 75 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்ச் சேர்வதற்குள் அந்த டயரை ரோட்டில் 650 மீட்டர் பக்கவாட்டாகத் தேய்த்து இழுத்ததற்குச் சமம். திரும்பி வந்தால் இன்னொரு 650.

இதோடு நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்தால், காரின் எடை டயரின் உள்ஓரத்தில் கூடுதலாக உட்காரும். டோ-அவுட்டும் உள்ஓரத்தைத்தான் தின்னும். இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தை அரைக்கும். தம்பியின் காரில் நடந்தது அதுதான். வெளியில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குப் புத்தம் புது பட்டன், உள்ளே கம்பி. டயர் பட்டனுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். 'டி.டபிள்யூ.ஐ.' என்ற தேய்மானக் குறி அது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த மேட்டோடு சமமாகிவிடும். டயரை மாற்றும் நேரம். ஆனால் நாம் அந்தக் குறியை எப்போதும் வெளிப்பக்கத்தில்தான் பார்க்கிறோம்.

ஸ்பிரிங்கை வெட்டினால்...

அலைன்மென்ட்டை மறுபடி பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வெட்டிய ஸ்பிரிங்காக இருந்தால் ஆகாது.

ஸ்பிரிங்கின் சுற்றுகள் குறையக் குறைய அது கடினமாகும். ஐந்து சுற்றுகள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி நான்கு. கடினம் 25 சதவீதம் கூடிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய மென்மையான ஸ்பிரிங்கை அடக்கும் அளவுக்கே செய்யப்பட்டது. புதுக் கடினத்தை அடக்க அதற்குத் திராணி இல்லை. அதனால் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் கார் ஆடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, ஓட இடம் இல்லை. சக்கரம் மேலே வந்து பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் கட்டையில் இடிக்கும் வரை உள்ள தூரம்தான் பள்ளத்தைத் தாங்கும் இடம். அது 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 இறக்கிய பிறகு மிச்சம் 30. அதில் ஐந்து பேர் ஏறி, டிக்கியில் தூக்குப் பாத்திரங்களும் ஏறினால் மிச்சம் எவ்வளவு? ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொம்' என்று இடிக்கும் அந்தச் சத்தம் ஷாக் அப்சார்பரின் ஆயுளைக் குறைக்கும். முதுகெலும்புக்கும் நல்லதில்லை. வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவளை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது. வெட்டிய நுனி அப்படிப் பொருந்தாது. சக்கரம் ஆழமான பள்ளத்துக்குள் முழுசாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து, இருக்கையை விட்டு நகரவும் வாய்ப்பு உண்டு. சில இடங்களில் கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கைப் படிய வைப்பார்கள். அது இன்னும் மோசம். எஃகுக்குப் பதம் போய்விடும். எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

'அப்போ ரேஸ் கார் மட்டும் தாழ்வா இருக்கே?'

நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில், 1990-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இந்தத் தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளிவந்த ஹூண்டாய் தொழிற்சாலையும் இதே இருங்காட்டுக்கோட்டைதான். குடும்பத்துக்கான காரும் பந்தயத்துக்கான காரும் அக்கம்பக்கத்தில் ஓடும் ஊர்.

அங்கே பிட் பகுதியில் ஒருமுறை நான் பார்த்ததை மறக்க முடியவில்லை. காரின் இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடு உயரத்தில் ஒரு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று முதலில் அளந்தார்கள். பிறகு நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்பு எவ்வளவு, பின் விளிம்பு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம்தான் டோ. உலகம் முழுக்கப் பந்தய அணிகள் இன்றும் செய்யும் முறை இது. கம்ப்யூட்டர் வசதி இல்லாததால் அல்ல. சஸ்பென்ஷனில் எதை மாற்றினாலும் அங்கேயே உடனே மறுபடி அளக்க வேண்டும் என்பதால்.

ரேஸ் காருக்கு நெகட்டிவ் கேம்பர் வேண்டும். வேகமாக வளையும்போது கார் வெளிப்பக்கம் சாயும். ஏற்கெனவே உள்ளே சாய்த்து வைத்த டயர் அப்போது தரையில் முழுசாகப் படியும். தடத்தில் ஒரு சுற்று முடித்து வந்ததும், டயரின் உள்ஓரம், நடு, வெளிஓரம் மூன்றிலும் வெப்பத்தை அளப்பார்கள். உள்ஓரம் ரொம்பச் சூடாக இருந்தால் கேம்பர் அதிகம் என்று குறைப்பார்கள். நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள், மாற்றிய பிறகு ஓட்டிப் பார்ப்பார்கள், எழுதி வைப்பார்கள். தேய்ந்த டயரை வீட்டுக்குக் கொண்டு போவதும் இல்லை.

நம் கார் பெரும்பாலும் நேரே போகிறது. வளைவுக்காகச் சாய்த்த டயர், நேர் ரோட்டில் உள்ஓரத்தில் மட்டும் நடக்கிறது. பந்தயத் தடத்தில் பள்ளமும் இல்லை, ஸ்பீடு பிரேக்கரும் இல்லை, தேர் வரும் வீதியும் இல்லை. அங்கிருந்து உயரத்தை மட்டும் கடன் வாங்கிவிட்டு அளவெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. 'தாழ்த்தினால் வளைவில் கார் சாயாது' என்பதும் பாதி உண்மைதான். எடை கீழே வருவது நல்லது. ஆனால் ஸ்ட்ரட் வகைக் காரில் ஓர் அளவுக்கு மேல் இறக்கினால் லோயர் ஆர்ம் தலைகீழாக மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். எந்தப் புள்ளியைச் சுற்றி கார் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடையை விட வேகமாகக் கீழே இறங்கிவிடும். சாய வைக்கும் நெம்புகோலின் நீளம் கூடியது போல ஆகும். ஸ்பிரிங் கடினம்தான் அந்தச் சாய்வை மறைத்துக்கொண்டிருக்கும்.

ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

காரைத் தாழ்த்தியவர்கள் எல்லோரும் திட்டுவது ஸ்பீடு பிரேக்கரைத்தான். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட விதிமுறைப்படி, ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆர வளைவில் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏற்றது. ஒரு மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர். கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். விதிப்படி போட்ட மேட்டில் இந்தக் கார் மெதுவாக ஏறி இறங்கும்போது, அடிவயிற்றுக்குத் தேவையான இடைவெளி வெறும் 44 மில்லிமீட்டர்தான். மேடு அகலமானது என்பதால் காரும் அதோடு சேர்ந்து மேலேறி விடுகிறது. 50 மில்லிமீட்டர் தாழ்த்தினாலும் 113 மிச்சம். தட்டாது.

ஆனால் நம் தெருக்களில் எத்தனை மேடு அப்படி இருக்கிறது? ஓர் அடி அகலத்தில், 12 சென்டிமீட்டர் உயரத்தில் சுவர் மாதிரி ஒன்று நின்றால், அது முழுசாக இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வந்து நிற்கும். 163 மில்லிமீட்டர் கார் தப்பிக்கும். 113 மில்லிமீட்டர் கார் மாட்டும். அடியில் எஞ்சின் ஆயில் இருக்கும் தொட்டிதான் முதலில் அடி வாங்கும். காஞ்சிபுரத்தின் குறுக்குத் தெருக்களில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் இந்தக் கணக்குப் புரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முதலில் கேட்பது 'வண்டியில் என்ன மாத்தினீங்க?' என்பதாகத்தான் இருக்கும்.

காரைத் தாழ்த்தும் ஆசை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தாழ்த்திய கார்களில் உலா போவதைப் பெருமையாகக் கருதினார்கள். 1950-களின் இறுதியில், ரிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. அவர்களோ விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பம்புகளைக் காரில் பொருத்தினார்கள். போலீஸ் வந்தால் கார் உயரும், போனால் இறங்கும்! அந்தத் தடை 2024 ஜனவரியில்தான் நீங்கியது. சட்டம் மாறலாம். டயர் தேயும் கணக்கு எந்த நாட்டிலும் மாறாது.

ஏற்கெனவே தாழ்த்திவிட்டீர்களா?

திட்டுவதால் பயனில்லை. ஒன்று, கம்பெனி உயரத்துக்குத் திரும்புங்கள். அதுதான் என் முதல் யோசனை. அதுவரை இவற்றையாவது செய்யுங்கள்.

1. வெட்டிய ஸ்பிரிங், சூடாக்கிய ஸ்பிரிங் என்றால் பேச்சே இல்லை. உடனே மாற்றுங்கள். இடது வலது ஜோடியாக மாற்ற வேண்டும். அடி வாங்கிய ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஸ்பிரிங் மாற்றும்போது லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

3. புது ஸ்பிரிங் போட்டதும் சில நாட்கள் ஓட்டுங்கள். ஸ்பிரிங் படிந்து உயரம் நிலைத்த பிறகு அலைன்மென்ட். உயரம் எப்போது மாறினாலும் மறுபடி அலைன்மென்ட்.

4. அலைன்மென்ட்டுக்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பால் ஜாயின்ட், டை ராட் முனையில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் பார்த்த அளவு கடை வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும்.

5. முதலில் காஸ்டர், அடுத்து கேம்பர், கடைசியில் டோ. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் இந்த வரிசை.

6. பல சின்ன கார்களில் முன்பக்கம் டோவை மட்டும்தான் திருக முடியும். கேம்பருக்கு வசதியே இருக்காது. பின்பக்கம் ஒரே குறுக்கு பீம் என்றால் அங்கே எதுவும் திருக முடியாது. 'அது வராது சார், விட்டுடுங்க' என்று சொன்னால், அதற்குக் கார் அவ்வளவு தாழ்வாக இருக்கக் கூடாது என்று அர்த்தம். சிவப்பில் நிற்கும் எண்ணோடு வீட்டுக்கு வராதீர்கள்.

7. 'முன்பு', 'பின்பு' இரண்டு அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

8. கண்ணாடியில் கேமரா உள்ள புதுக் கார்களில், உயரம் மாறினால் அந்தக் கேமராவின் பார்வையும் மாறும். அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பத்து விநாடி சோதனை

தாழ்த்தாத கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். பள்ளத்தில் ஒருமுறை பலமாக விழுந்தாலே அலைன்மென்ட் போய்விடும் என்பதால், இது எல்லோருக்கும் பொருந்தும்.

வண்டி நின்று, டயர் ஆறியிருக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள். முன் டயரின் முழு முகமும் வெளியே தெரியும். டார்ச் அடித்து முதலில் கண்ணால் பாருங்கள். கம்பி தெரிந்தால் கை வைக்க வேண்டாம், வண்டியை எடுக்கவும் வேண்டாம். தெரியாவிட்டால், உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ சரியில்லை. உள்ஓரம் மட்டும் வழுக்கினால் கேம்பரையும் சேர்த்துப் பாருங்கள். பட்டுச் சேலையைக் கடையில் எப்படித் தடவிப் பார்ப்போமோ அப்படித்தான். பின் டயர்களுக்குக் குனிந்து டார்ச் அடிக்க வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை போதும். அலைன்மென்ட்டுக்கு ஆவது சில நூறு ரூபாய். டயருக்கு ஆவது ஆயிரங்களில். மற்றதற்கு விலை போட முடியாது.

தம்பி இப்போது கம்பெனி ஸ்பிரிங்கே போட்டுவிட்டான். இரண்டு ஷாக் அப்சார்பரும் இரண்டு முன் டயரும் சேர்ந்து, ஸ்பிரிங் வெட்டி மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு செலவு வைத்துவிட்டது. கார் பழைய உயரத்துக்கு வந்ததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 'ஜீப் மாதிரி நிக்குது' என்று முனகினான்.

நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த சித்தப்பா அவனிடம் அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "பாவு ஏத்தினப்புறம் இழுப்பு சரியா இருக்கான்னு கை வெச்சுப் பாக்காம நான் ஒரு ஊடை ஓட்டிப் பாத்திருக்கியாடா?"

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா மகளைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும், கிளம்புவதற்கு முன் குனிந்து முன் டயர்களின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறான். சித்தப்பா எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை. பழம் வைக்கக் குனிகிற நேரத்தில், அப்படியே டயரையும் ஒருமுறை பார்த்துவிடுகிறார்.

நீங்களும் இன்று சாயங்காலம் ஒருமுறை குனிந்து பாருங்களேன்!